அரை மணி நேர வேலை

என் அக்கா ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்டிக் துகள் செய்கிறவள். கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள், எல்லாம் ஒரே அளவு. நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைப் பட்டைகளுக்கு அவை போகின்றன. முன்பெல்லாம் குடுவையைச் சூடான எண்ணெய்த் தொட்டியில் இறக்கி நாள் முழுக்கக் கலக்க வேண்டும். அக்கா பல வருடம் முட்டி மோதி, அதையே மைக்ரோவேவில் அரை மணி நேரத்தில் முடிக்க வழி கண்டாள். இன்னொரு முறை சூடாக்கி, பரிசோதனை மருந்து ஒட்டுகிற மாதிரி துகளின் மேல்பரப்பையும் மாற்றிவிடுவாள்.

இதற்குப் பாராட்டு கிடைத்திருக்கும் என்று நினைப்பீர்கள். கிடைத்தது பட்டப்பெயர்: "டீ சூடு பண்றவங்க." ஆய்வுக்கூடத் தலைவர் வரும்போதெல்லாம் வேலை முடிந்து குடுவை ஆறிக்கொண்டிருக்கும்.

"எப்பப் பாத்தாலும் சும்மாவே உக்காந்திருக்கீங்களேம்மா" என்பார்.

பதவி உயர்வு, இன்னும் எண்ணெய்த் தொட்டியிலேயே நாள் முழுக்கக் கலக்கிக்கொண்டிருந்த சக ஊழியருக்கே போனது. வீட்டில் அவள் மாமியார் வேறு, "பட்டன அமுக்குற வேலைக்கா இவ்ளோ அலுப்பு?" என்கிறார்.

போன வாரம் அக்கா தன் வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டு, பழைய எண்ணெய்த் தொட்டி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தாள். ஒரு குடுவையை இறக்கிக் கலக்கியை ஓடவிட்டு, சாயங்காலம்வரை பக்கத்திலேயே நின்றாள். தலைவர் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பதாம்மா வேலை செய்யற மாதிரி இருக்கு!"

துகள் உருவாகிப் பால் மாதிரி வெளுத்திருக்க வேண்டிய குடுவைக்கு அந்தப் பக்கம் சுவர் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே இருந்தது வெறும் குழாய்த் தண்ணீர்.