ஆயுத பூஜை முடிந்ததும் கத்திய பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்தில் ஒரு வளைகாப்பு. கை நிறைய வளையலும் தட்டு நிறைய கலந்த சாதமுமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க வேலைக்குப் போறீங்களாமே... என்ன வேலை?"

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு உதறல்தான். டீச்சர் என்றால் ஒரே வார்த்தையில் முடிந்தது. பேங்க், போஸ்ட் ஆபீஸ், டெலிபோன்ஸ் — எல்லாமே சொன்னவுடன் புரிந்துவிடும். என் வேலைக்கு மட்டும் ஒரு கட்டுரையே வேண்டும்.

சொன்னேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி. தொழிற்சாலை மெஷின்களுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்கிறோம். அந்த மெஷின்களைக் கவனித்துத் தானாக யோசிக்கிற சாஃப்ட்வேரை எழுதுகிறவர்கள் வெளியே இருக்கிறார்கள். ஒற்றை ரூம், ஒற்றைக் கம்ப்யூட்டர், ஒற்றை ஆள் — அப்படிப்பட்ட டெவலப்பர்கள். அவர்களைத் தேடிப் பிடித்து எங்களுக்குப் பார்ட்னர் ஆக்குவது என் வேலை. அவர்கள் எழுதியதை ஒரு தொழிற்சாலையில் மாட்டி, இரண்டு பக்கமும் முறைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் நான்தான்.

அந்த அம்மா புளிசாதத்தைப் பிசைந்தபடியே சொன்னார். "அப்ப கல்யாணத் தரகர்னு சொல்லுங்க."

சத்தியமாக, எங்கள் எம்.டி. கூட என் வேலையை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை!

தரகு வேலைதான். மாப்பிள்ளை சாஃப்ட்வேர், பொண்ணு மெஷின். சாஃப்ட்வேர்க்காரர் வெள்ளைச் சட்டையில் வருவார். ஆயில் பட்டுவிடுமோ என்று தள்ளியே நிற்பார். தொழிற்சாலைக்காரர் சாஃப்ட்வேரையும் ஒரு ஸ்பேர் பார்ட் என்றுதான் நினைப்பார். "மாட்டியாச்சில்ல? அப்புறம் ஏன் தினமும் வர்றாரு?" என்பார். "அது இன்னும் கத்துக்கிட்டு இருக்கு சார்" என்பார் இவர். "கத்துக்கிட்டப்புறம் வரச் சொல்லுங்க" என்பார் அவர். நடுவில் நான், எல்லாருக்கும் டீ சொல்லிக்கொண்டு.

வளைகாப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது பாஸ்கர் ஞாபகம் வந்தது. நான் செய்துவைத்த கல்யாணங்களிலேயே என்னை வாயடைத்து நிற்க வைத்தது அவனுடையதுதான். சாஃப்ட்வேர் கல்யாணத்தைச் சொல்கிறேன்.

நான் ஆவடி குவார்ட்டர்ஸ்வாசி. என் வீட்டுக்காரருக்கு டிஃபன்ஸ் ஃபேக்டரியில் வேலை. பாஸ்கர் எங்கள் எதிர் பிளாக். அவன் அப்பாவும் அதே ஃபேக்டரி. படித்து முடித்ததும் பாஸ்கருக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. ஆயுளுக்கும் ஆடாத அரசாங்க வேலை. அதைத்தான் பையன் ஒருநாள் ராஜினாமா செய்துவிட்டு வந்து நின்றான்! பட்டாபிராமில் ஒரு மளிகைக் கடை மாடியில் ரூம் எடுத்து, கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு புரோகிராம் எழுதப்போகிறானாம்.

அவன் அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கத்தவில்லை, அழவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டு வரும், சோறு வரும், குழம்பு வரும். பேச்சு மட்டும் வராது. அப்படியே இரண்டு தீபாவளி போய்விட்டது.

அவன் எழுதிய புரோகிராம் என்ன செய்யும்? காது கொடுத்துக் கேட்கும். அவ்வளவுதான். தகரத்தை ஒரே அடியில் வெட்டி வளைக்கிற பவர் பிரஸ் இருக்கிறதில்லையா, ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிற ராட்சச மெஷின்... அதன் இடுப்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சார். மெஷினின் அதிர்வு அந்த வழியாக வயரில் ஓடி, கண்ணாடி கேபினில் இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போகும்.

எது சரி, எது தப்பு என்று யாரும் அதற்கு ரூல் எழுதித் தரவில்லை. தினமும் ஓடுகிற மெஷினைக் கேட்டுக் கேட்டு, 'இதுதான் இதன் குணம்' என்று அதுவாகவே தெரிந்துகொள்ளும். குணம் மாறினால் சிவப்பு விளக்கு எரியும், கீச்சென்று கத்தும். முதல் முறை பாஸ்கர் இதை விளக்கியபோது நான் நம்பவே இல்லை. நானும் என் வீட்டுக்காரரை இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் — குணம் பிடிபட்டதா என்ன?

திருமழிசையில் ஒரு பிரஸ் ஷாப் டிரையலுக்கு ஒப்புக்கொண்டது. பொங்கல் முடிந்த கையோடு மாட்டினோம். பிரஸ் ஆபரேட்டர் ஏழுமலை முதல் நாளே பெட்டிக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"இன்னா மேடம், எந்நேரமும் காதத் தீட்டிகினு ஒக்காந்துகினு கீது... குத்தம் கண்டுபுடிக்கிறதே வேலையா? இது மெஷினுக்கு மாமியாரு!"

அதிலிருந்து ஷெட் முழுக்க அதற்கு மாமியார் என்றே பெயர்.

மாமியாருக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. ஒருநாள் ஷெட் வாசலில் லாரி ரிவர்ஸ் எடுத்தபோது கத்தியது. இன்னொரு நாள் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியபோது கத்தியது. மெஷினைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. பாஸ்கர் இரண்டையும் சரி செய்துவிட்டான். ஆனால் ஒர்க்ஸ் மேனேஜர் சேகர் சாரின் பொறுமை போயே போய்விட்டது.

"இன்னொரு தடவை பொய்யாக் கத்தினா வயரைப் பிடுங்கிடுவேன், மேடம். பூஜை வரைக்கும்தான் டைம். அதுக்கு மேல அக்ரிமென்டாவது, ஒண்ணாவது" என்றார்.

எங்கள் ஆபீஸிலும் அதே பேச்சு. இந்த டிரையல் தோற்றால் பாஸ்கரோடு பார்ட்னர்ஷிப் ரத்து. அவன் என்ன செய்வான்? துபாயில் அவன் மாமா ஒரு ஸ்டோர்ஸில் வேலை பார்த்து வைத்திருந்தார். விசா தயார். 'இது போச்சுன்னா நான் கிளம்பறேன்க்கா' என்று சாதாரணமாகத்தான் சொன்னான். பேசாத அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமலே விமானம் ஏறுவான் என்று எனக்குத் தெரியும். 

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அன்றைக்கு நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வருடம் முழுக்க அடி வாங்கி உழைக்கிற மெஷினுக்கு அன்றைக்குத்தான் குளியல், அலங்காரம், மாலை, மரியாதை எல்லாம். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, கிரீஸ் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து... அப்புறம் லீவு முடிகிறவரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது.

லீவு முடிந்து திறக்கிற அன்று காலை பாஸ்கரும் நானும் திருமழிசை போய்விட்டோம். சேகர் சார் கற்பூரம் காட்டினார். ஏழுமலை பட்டனை அழுத்தினார். பிரஸ் 'தட்... தட்...' என்று ஓட ஆரம்பித்தது. நாலைந்து அடிதான் அடித்திருக்கும்.

கீச்!

சிவப்பு விளக்கு.

சேகர் சார் என்னைப் பார்த்தார். நான் பாஸ்கரைப் பார்த்தேன். பாஸ்கர் சென்சாரைப் பார்த்தான். சென்சார் மேல் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம்!

"யார்யா இதுக்குப் பொட்டு வெச்சது?" என்று சேகர் சார் கத்தினார்.

"நான்தான் சார்" என்றார் ஏழுமலை. "எல்லாத்துக்கும் வெச்சிட்டு மாமியாருக்கு மட்டும் வெக்காம வுட்டா நல்லாவா கீது? கோச்சிக்காது?"

அப்பாடா, இதுதானா விஷயம் என்று எனக்கு உயிர் வந்தது. துடைத்தோம். மறுபடியும் மெஷினை ஓட்டினார்கள்.

கீச்!

வந்த உயிர் திரும்பிப் போய்விட்டது. "போதும் மேடம்" என்றார் சேகர் சார். "பூஜைக்குத்தான் தலை முதல் கால் வரைக்கும் சர்வீஸ் பண்ணியிருக்கு. புது மெஷின் மாதிரி ஓடுது. இதைப் பாத்துக் கத்துதுன்னா... வயரை எடுத்துருங்க."

தரகர் எதற்கு இருக்கிறாள்? "சார், சாப்பாட்டு நேரம் வரைக்கும் டைம் கொடுங்க. அப்புறம் நானே பிடுங்கித் தரேன்" என்றேன். 

பாஸ்கர் கேபினுக்குள் போய் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதிர்வின் பழைய கோடு, இன்றைய கோடு. திடீரென்று வெளியே வந்து ஏழுமலையிடம் கேட்டான்.

"அண்ணே, பூஜைக்காக மெஷினை என்னென்ன பண்ணீங்க?"

"வருஷா வருஷம் பண்றதுதான் நைனா. தொடச்சேன், கிரீஸ் வெச்சேன், போல்ட்டுங்களுக்கு டைட் வெச்சேன்..."

"எந்த போல்ட்டு?"

"அடியில கீதே, தரையோட புடிச்சிகினு... அதான். லேசா லூஸா இருந்திச்சு. டைட் வெச்சிட்டேன்."

பாஸ்கர் முகத்தில் ரத்தமே இல்லை. "அதைக் கொஞ்சம் பழையபடி லூஸ் பண்ணுங்கண்ணே" என்றான். 

மெஷினை நிறுத்தி, ஏழுமலை ஸ்பானரோடு குனிந்தார். ஒரு போல்ட்டை லேசாகத் தளர்த்தினார். மறுபடி ஓட்டினார்கள்.

தட்... தட்... தட்...

பச்சை விளக்கு. மாமியார் கப்சிப்.

"டைட் வைங்க."

கீச்! சிவப்பு.

சேகர் சார் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னொரு தடவை" என்றார். தளர்த்தினால் பச்சை. இறுக்கினால் சிவப்பு. பக்கத்து மெஷின்காரர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.  நான் மெஷின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தளர்த்தியபோதும் அதே அதிர்வு, இறுக்கியபோதும் அதே அதிர்வு. என் காதுக்கும் இரண்டும் ஒரே 'தட்'தான்.

நினைத்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய இரும்பு மலை. அதன் அடியில் ஒரு போல்ட், நூலளவு திருகல். வருடக்கணக்காக அந்த மெஷினோடு பழகிய மனிதர்கள் சுற்றி நிற்கிறார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆவடி குவார்ட்டர்ஸ் பையன் ஒருவன் பட்டாபிராம் மளிகைக் கடை மாடியில் உட்கார்ந்து எழுதிய ஒன்றுக்கு மட்டும் தெரிகிறது! எனக்குப் புல்லரித்தது. கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்?

"கண்டுபிடிச்சது சரி" என்றார் சேகர் சார் மெதுவாக. "ஆனா லூஸா இருந்தா சும்மா இருக்கு, டைட் வெச்சா கத்துது. தலைகீழா இருக்கே?"

பாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டான். "தப்பு என்னுதுதான் சார். பொங்கலப்போ ஓடிக்கிட்டிருந்த மெஷினைக் காட்டி, இதைக் கத்துக்கோன்னு விட்டுட்டேன். தினமும் ஓடுறதால, நல்லா ஓடுதுன்னு நினைச்சேன். அப்பவே போல்ட் தளர்ந்து இருந்திருக்கு. அதுக்குத் தெரிஞ்ச மெஷின், லூஸ் மெஷின்தான் சார்."

பாவம் மாமியார்! காய்ச்சல்காரரையே பார்த்துப் பழகிவிட்டு, காய்ச்சல் விட்டதும் 'ஐயோ, உடம்பு சில்லென்று இருக்கிறதே' என்று அலறியிருக்கிறது.

சேகர் சார் குனிந்து அந்த போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். "இந்த வருஷம் பூரா பீஸ் எல்லாம் பிசிறோட வந்துது. தகரத்தை வெட்டுற அச்சு சரியில்லைன்னு அந்த டை மேல பழி போட்டு, டையை மாத்தி மாத்திச் செத்தேன்..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் பாஸ்கர் தோளைத் தட்டினார்.

"வயர் இருக்கட்டும். முதல்லேருந்து பாடம் சொல்லிக் கொடு. இந்தத் தடவை நல்ல மெஷினைக் காட்டி. அக்ரிமென்டை இன்னிக்கே எடுத்துட்டு வாங்க மேடம்."

ஏழுமலை ஓடிப்போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார். துடைத்த இடத்துக்குப் பக்கத்தில், சென்சார் மேல் படாமல், ஜாக்கிரதையாக ஒரு பொட்டு வைத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரே யோசனை. நாமும் இப்படித்தானே இருக்கிறோம்? தினமும் நடப்பதாலேயே சரியாக நடப்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஆடுகிற நாற்காலி, ஒழுகுகிற குழாய், முகம் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்திருக்கிற வீடு. பழகிவிட்டால் அதுதான் பச்சை விளக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டுக் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. திறந்தால் பாஸ்கர். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. மாடிப்படியை ஒரே ஓட்டமாக ஏறி வந்திருக்கிறான்.

"அக்கா... அம்மா..."

எனக்குத் திக்கென்றது. "அம்மாவுக்கு என்னடா?"

"துபாய் போகலம்மா, அக்ரிமென்ட் ஆயிடுச்சுன்னு சொன்னேன். வழக்கம் போல முகத்தைத் திருப்பிப்பாங்கன்னு பாத்தா... 'எலே, சாப்பிட வா'ன்னு கூப்பிடறாங்கக்கா! என்னமோ மாதிரி இருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாமா?"

நான் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

"சிவப்பு விளக்கு எரிஞ்சா ரிப்பேர்னு அர்த்தம் இல்லைடா. போய்ச் சாப்பிடு!"