பாசமாகச் சொன்ன பொய்

தாம்பரம் ரயில் நிலையப் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் மகன் ராபின் போன் செய்தான். "அம்மா போய்ட்டாங்க அண்ணா." நாள் நெருங்கிவிட்டது நம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருந்தவர் அக்கா ஒருவர்தான்.

டப்பிங் கூடத்தில் அவரோடு நின்று குரல் கொடுத்த நண்பர்களே, உங்களுக்கு அந்தக் குரலை விளக்க வேண்டியதில்லை. நான் தமிழில் வசனம் எழுதிய விண்வெளித் தொடரில், கப்பலை நடத்தும் கணினிக்கு அக்காதான் குரல். பூமி அழிந்துவிட்டதை மறைத்து, வீடு திரும்புகிறோம் என்று பயணிகளிடம் தினமும் பொய் சொல்லும் கணினி. கதவுகளும் காற்றும் அதன் கையில். நான் அதன் பேச்சை மிரட்டலாக எழுதியிருந்தேன். அக்கா பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா தம்பி இது? மிரட்டினா எவன் நம்புவான்? பொய்யைப் பாசமா சொல்லணும். அப்பத்தான் கேக்குறவன் கதவாண்ட கூடப் போக மாட்டான்."

அப்படியே பேசினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னதும், அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று ராபின் கேட்டுக்கொண்டான். நம் வீடுகளில் வழக்கம்தானே. நாமும் தலையாட்டினோம். இரும்புலியூர் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போய்ச் சிரித்துவிட்டு வந்தோம்.

ஒரு மாலை அக்கா கேட்டார். "கீழ்க்கட்டளைல என் தங்கச்சி கீறா. அப்பா வூட்டை வித்ததுல சண்டை, பேச்சே இல்ல. இப்பவே போய்ப் பாத்துடவா? இல்ல, உடம்பு தேறிடுமா?"

"தேறிடும்க்கா. கிறிஸ்துமஸுக்கு நீங்களே கேக் எடுத்துட்டுப் போலாம்."

அக்கா என்னையே பார்த்தார். "நடுவுல மூச்சு வாங்குற. ஒன் மோர்."

டப்பிங்கில் மறுபடி பேசச் சொல்லும் வார்த்தை அது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதையே மறுபடி சொன்னேன், இந்த முறை பாசமாக. "ஓகே" என்று சிரித்தார். தங்கைக்கு எந்தக் கேக் பிடிக்கும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

தங்கை அடக்கத்துக்குத்தான் வந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே" என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நம்மில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் போய் நின்றுகொண்டேன். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பாடம்தான். அதை நான் நன்றாகவே கற்றிருந்தேன். அக்காவே ஓகே சொன்னார்.