நான் தொலைத்ததாகச் சொன்ன போன்

பட்டனை அழுத்தினால் 'டொக் டொக்' என்று சத்தம் வரும். பத்து நிமிடம் பேசினால் கன்னம் சுடும். நான் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா வாங்கித் தந்த போன் அது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த அவர், பாட்டுக் கேட்கலாம், போட்டோ எடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தபடியே அதை என் கையில் வைத்தார். ஆறே மாதத்தில் டியூஷனில் எல்லோரிடமும் 'டச் போன்' வந்துவிட்டது. "ஏம்புள்ள, இது உங்க அப்புச்சி போனா?" என்று ஒருத்தி என் தாத்தாவை இழுத்துக் கேட்க, பெஞ்சே சிரித்தது.

மறுநாள் மாலை, எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த கம்பெனி வாசலில் லாரிக்குக் காத்திருந்த 'வேஸ்ட்' துணி மூட்டை ஒன்றுக்குள் அதைச் செருகிவிட்டு, சார்ஜ் போட்ட இடத்தில் காணோம் என்று அம்மாவிடம் சொன்னேன். புதுசு வரும் என்பதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை.

அன்று எங்கள் வீட்டுக்குள் வந்துபோனவர் பக்கத்து வீட்டுச் சரோஜாக்கா மட்டும்தான். தேனிப் பக்கமிருந்து தையல் வேலைக்கு வந்தவர். அம்மா வேலைக்குப் போன நாட்களில் எனக்குத் தலை பின்னிவிட்டவர். அம்மா அவரைத் திருடி என்று சொல்லவில்லை. "ஏனுங் சரோஜா, புள்ளையோட போனப் பாத்தீங்ளா?" என்று கேட்டதோடு சரி. ஆனால் அதன்பின் தண்ணீர் பிடிக்கப் போனாலும் கதவைப் பூட்டினார்.

மூன்றாம் நாள் சரோஜாக்கா தன் தகரப் பெட்டியைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் கவிழ்த்தார். நாலு சேலை, ஒரு கல்யாண போட்டோ, ஒரு குழந்தைச் சட்டை.

"நல்லாப் பாத்துக்கிடுங்கக்கா. பிள்ளைக பொருள எடுக்குறவ இல்ல நான்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லு பாப்பா" என்றார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மாதமே அவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார். எனக்கு டச் போன் வந்தது. ஒன்றரை வருடத்தில் அதுவும் பழசாகிவிட்டது. அதன் நிறம்கூட இப்போது நினைவில்லை.

நாங்கள் ஒரே வரிசையில் வாடகைக்குக் குடியிருந்த லைன் வீடுகள் இருந்த இடத்தில் இன்று ஒரு பிரிண்டிங் பட்டறை நிற்கிறது. போன மாதம்தான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர், "அவகிட்டச் சொன்னியா கண்ணு?" என்றார்.

"இல்லீங்கம்மா."

அம்மா எழுந்து, அந்நாளில் எங்களோடு குடியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு விசாரித்தார். சரோஜாக்கா எந்த ஊருக்குப் போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.