பாலம் எங்களுக்கு, தளபதி அம்மாவுக்கு

எங்கள் அப்பா விளையாட்டில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். மற்ற வீட்டு அப்பாக்கள் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே தோற்று முத்தம் வாங்கிக்கொள்வார்கள். இவரோ எனக்கும் தம்பிக்கும் எதிராக நிஜமான எதிரி ராஜா மாதிரி சண்டை போடுவார். ஜெயித்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வார். ஒரே ஒரு தடவையாவது இந்த மனுஷனைத் தோற்கடித்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது எங்கள் வாழ்க்கை லட்சியம்.

ஓசூரில் அவர் வேலை பார்த்த கம்பெனியில் கழித்துப்போட்ட போல்ட்டுகளைக் கேட்டு வாங்கிவந்து பெயிண்ட் அடித்துப் படை செய்திருந்தார். அவருடையது சிவப்பு, எங்களுடையது பச்சை. தலையில் பித்தளை நட்டு மாட்டியிருந்தால் தளபதி. பேக்கிங் பெட்டிப் பலகைதான் போர்க்களம். முட்டை அட்டை மலை, நீலப் பெயிண்ட் ஆறு, அதன்மேல் உடைந்த ஸ்கேல் ஒன்று பாலம். பாலத்தைப் பிடித்தவர் ஜெயித்தவர். ஒரு முறைக்கு ஒவ்வொரு வீரனும் ஒரு தீப்பெட்டி நீளம் நகரலாம். எதிரி மேல் மோதினால் தாயக்கட்டை உருட்ட வேண்டும். எங்கள் படை கன்னடம் பேசும் எல்லை ஊரான தளியிலிருந்து வருவதாகக் கணக்கு. அதனால் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் கற்ற கன்னடத்தில்தான் தம்பி கட்டளை போடுவான்.

அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட் வரும் வாரங்களில் அவரைப் பார்க்கவே முடியாது. நாங்கள் பள்ளி விட்டு வருவதற்குள் கிளம்பிவிடுவார், தூங்கியபின் வருவார். காலையில் உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும், சத்தம் போடக் கூடாது. சண்டை மட்டும் நிற்காது. சாயங்காலம் நாங்கள் நகர்த்திவைப்போம். காலையில் சிவப்புப் படை நகர்ந்திருக்கும்.

அப்படி ஒரு வாரத்தில்தான் சிவப்புப் படைக்கு என்னமோ ஆகிவிட்டது. பாலத்தை நெருங்கி நின்றவர்கள் ஒரு நாள் காலையில் பின்வாங்கியிருந்தார்கள். மறுநாள் இன்னும் பின்னால். கடைசியில் மொத்தப் படையும் தளபதியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. பாலத்தைக் காக்க ஒரு நாதியில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், அப்பா எங்களைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று பீற்றிக்கொண்டேன். அம்மா பின்னலை வெடுக்கென்று இழுத்தாள்.

“பயந்தா என்னடி? பயப்படக் கூடாதா?”

அந்த வாரம் அம்மாவே சரியில்லை. பள்ளி விட்டு வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். டெட்டால் வாசனையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாள். ஞாயிற்றுக்கிழமைகூட அப்பாவுக்கு ஓவர்டைம் என்றாள். அன்றைக்குத்தான் எங்கள் படை பாலத்தில் ஏறியது. நானும் தம்பியும் தெருவையே கூட்டிவிட்டோம்.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பா அப்பாவை ஆட்டோவில் கூட்டிவந்தார். வலது கை முழுக்கக் கட்டு. பிரஸ் மிஷினில் இரண்டு விரல்கள் போய்விட்டன, இத்தனை நாளும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், பிள்ளைகளிடம் சொல்லாதே என்றதே அவர்தான் என்றார் சித்தப்பா. நாங்கள் ஓவென்று அழுதோம். அழுகை ஓய்ந்ததும் தம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பலகைக்கு இழுத்துப்போனான். பாலம் எங்களுடையது என்று காட்ட வேண்டுமே.

அப்பா பலகையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

“பாலத்த ஏன் வுட்டுட்டே?”

“பாலம் போனாப் போவுதுங்க. தளபதிக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுல்ல.”

அப்பா இடது கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். அப்படியென்றால் நாங்கள் ஜெயித்தது அப்பாவை இல்லை. விதியே தெரியாத அம்மாவை ஜெயித்துவிட்டா இந்த ஆட்டம் போட்டோம்? இது செல்லாது, முதலிலிருந்து ஆடலாம் என்று தம்பியைக் கூப்பிட்டு, தளபதியைச் சுற்றி நின்ற சிவப்பு வீரர்களை ஒவ்வொருவராக எடுத்து டப்பாவில் போட ஆரம்பித்தேன்.