கிணற்றில் வைத்த கடைசி வேட்டு

ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு முதல் கம்ப்யூட்டரை இறக்கியவன் நான்தான். பார்க்கத் தெருவே கூடியது. இன்று அந்தக் கம்ப்யூட்டர் முழிப்பதற்கே அரைப்பொழுது ஆகிறது.

"விண்டோசைப் புதுசாப் போட்டாத்தான் ஓடும்பா. ஆனா இதுல பதிஞ்சு வச்ச அம்மா பேச்சு அழிஞ்சிரும். காப்பியும் ஆகமாட்டேங்குது," என்றாள் மகள். போன வருசம் போய்ச் சேர்ந்த என் பெண்டாட்டியின் குரல் வேறெங்கும் இல்லை.

கம்ப்யூட்டருக்குள்ளே காற்றாடி முனகியது. நான் அரை டவுசர் போட்ட காலத்தில், வடமதுரைப் பக்கம் எங்கள் கிணறு வற்றும்போது ஆயில் எஞ்சின் இப்படித்தான் முனகும். அந்தக் கோடையில் பாறை இடுக்கில் ஒரு ஊற்று மட்டும் விரல் தண்டிக்குக் கசிந்தது. கத்தரிச்செடிகள் அதில்தான் பிழைத்துக் கிடந்தன.

"பாறையில இன்னொரு வேட்டு வச்சா குபுகுபுன்னு வரும்டி," என்றார் அய்யா.

"இருக்கிறதையும் கெடுத்துப்புடாதீக," என்று கும்பிட்டாள் ஆத்தா.

அய்யா வைத்த வேட்டு வெடித்தது. வெடிமருந்து நெடி அடங்கியதும் எட்டிப் பார்த்தோம். பாறை பிளந்து, இருந்த கசிவும் எங்கோ இறங்கிப் போயிருந்தது. அய்யா உள்ளே இறங்கிக் காய்ந்த கல்லைத் தடவிக்கொண்டே இருந்தார். கூப்பிட்டும் ஏறி வரவில்லை.

"விண்டோசப் போடவாப்பா?" என்றாள் மகள்.

"தொடாத தாயி."

"இப்படியே விட்டா நாளைக்கு மொத்தமா நின்னுரும்பா."

"நிக்கிறப்ப நிக்கட்டும். இப்ப அவளப் பேச விடு."

மகள் பட்டனை அமுக்கினாள். "ஏங்க..." என்றது என் பெண்டாட்டியின் குரல். அதோடு கம்ப்யூட்டர் திணறி நின்றது. படிக்காதவன் என்றாலும் எந்த ஆபீசரும் என்னை வாசலில் காக்க வைத்ததில்லை. அவளுடைய அடுத்த வார்த்தைக்காக உட்கார்ந்திருக்கிறேன்.