பூக்கேட்ட நாளும் போகாத யாத்திரையும்

மயிலேறி உலகைச் சுற்றி வந்த ஆறுமுகத்து அண்ணலே, உன் திருவடியை முன்வைத்து எழுதத் தொடங்குகிறேன். என் சொல்லில் கசப்பு மிகுந்தால் பொறுத்தருள். பொய் கலந்தால் பொறுக்காதே.

இன்று வைகாசி விசாகம், முருகன் தோன்றிய நன்னாள். பாலபிஷேகம் கண்டு திரும்பிய கையோடு அமர்ந்திருக்கிறேன்.

சென்ற தைப்பூசத்தின் மறுநாள் என் இளைய மகள் என்னிடம் ஓர் அனுமதி கேட்டாள். அவளுக்கு வயது இருபத்து மூன்று. ஏற்றுமதி நிறுவனமொன்றில், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை. உடன் பணிபுரியும் தோழியோடு இரண்டு மாதம் வடநாட்டில் ஊர் ஊராகச் சுற்றிவர விரும்பினாள்.

“ஆபீஸ்ல லீவு சொல்லிட்டனுங்கப்பா. நீங்க சரின்னா டிக்கெட் போட்டர்லாமுங்க.”

“அங்க அப்படி என்ன கண்ணு இருக்குது?”

“தெரிஞ்சிருந்தா நான் ஏனுங்கப்பா போறேன்?”

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். “பூக் கேட்டுப் பாக்கலாம். சாமி உத்தரவு குடுத்தா போய்ட்டு வா” என்றேன்.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதையும் பூக்கேளாமல் தொடங்குவதில்லை. வெள்ளரளியை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை இன்னொன்றிலும் மடித்து, முருகனின் பாதத்தில் வைத்து, விவரம் அறியாக் குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தை எவரும் பிரிப்பதில்லை. அது மடித்தபடியே கோயில் கிணற்றுக்குப் போய்விடும்.

இந்த வழக்கத்தை நான் ஐயமின்றி நம்பியதற்குக் காரணம் உண்டு. என் இருபத்தோராம் வயதில் முருகன் எனக்கே ‘இல்லை’ என்றிருந்தான்.

அப்போது நான் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த மெஷின் என் நண்பனுடையது. காசி வரைக்கும், மனம் சொன்ன இடமெல்லாம் இறங்கி ஏறி, நாற்பது நாள் சென்று வர இருவரும் முடிவு செய்தோம். அப்பா மறுக்கவில்லை. “பூக் கேப்போம்” என்றார். பொட்டலங்களை அவரே மடித்தார். சிவப்பு வந்தது. சன்னதியில் விழுந்து வணங்கினேன். யாத்திரைக்கென்று தைத்து வைத்த துணிப்பையை, தனியே புறப்பட்ட நண்பனிடமே கொடுத்தேன்.

முதலாளி வரும் சத்தம் கேட்டால் மெஷினுக்குப் பின்னால் மறைகிறவன் அவன். கடையில் விலை கேட்பதற்கும் என்னைத்தான் அனுப்புவான். யாத்திரையில் ஏதோ ஓர் ஊரில் பையையும் செருப்பையும் பறிகொடுத்து, மொழி தெரியாமல் மூன்று நாள் அலைந்து, முன்பின் அறியாத குடும்பத்தின் ரொட்டியைத் தின்று பிழைத்தான். திரும்பி வந்தவன் வேறொருவன். “வெறுங்காலோட நடந்து பாத்தாச்சு, இனி என்ன?” என்பது அவன் வாய்ச்சொல்லாயிற்று. பிற்காலத்தில் இருவரும் தனித்தனியே சிறு பனியன் கம்பெனி வைத்தோம். ஆர்டர்கள் நின்று ஊரே முடங்கியபோது, தன் கம்பெனியைப் பூட்டிவிட்டு அதே சொல்லோடு டீக்கடையில் வந்து உட்கார்ந்தான். நானோ மூன்று மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. உடம்பில் குறையொன்றும் இல்லை என்றார் மருத்துவர். அறியாத மண்ணில் ஒரு நாளும் நின்று பழகாதவனுக்கு, அறிந்த மண் சற்று அசைந்தாலும் உலகம் முடிந்துவிடுகிறது. இன்று தன்னிடம் வேலை செய்யும் வடநாட்டுப் பிள்ளைகளோடு அவன் இந்தியில் கேலி பேசுகிறான். என் கம்பெனிப் பிள்ளைகளிடம் நான் கைச்சாடை காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

போக முடியாத நான் பதிகங்களுக்குள் புகுந்தேன். ஊர்தோறும் நடந்து பாடிய அடியார்களின் அடிகளை நெஞ்சில் ஏற்றினேன். வெள்ளிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பொருள் சொன்னேன். காணாத ஊரின் சோலையையும் மதிலையும் கண்டவனைப் போலவே விரித்தேன். உள்ளே ஒரே கேள்வி அறுத்துக்கொண்டிருந்தது: நண்பனை அழைத்த தெய்வம் என்னை மட்டும் ஏன் வேண்டாமென்றது? என்னிடம் கண்ட குற்றம் என்ன? அதற்காகவே நோன்புகளைக் கூட்டினேன்.

பூசத்துக்காக வெள்ளகோவிலிலிருந்து வந்திருந்த என் அக்கா, மகள் கேட்ட அன்று கூடத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பூக்கேட்கலாம் என்றதும் அவர் கை நின்றது.

“ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தான் வேணுமா தம்பி? இப்பவே சொல்லிரு, நானே பறிச்சுத் தர்றேன். எனக்குப் பழக்கந்தான்.”

“என்னங்கக்கா சொல்றீங்க?”

“அன்னைக்குப் பறிச்சது நாந்தான். வெள்ளப் பூப் பக்கமே போகாதேன்னாரு அப்பா. ரெண்டுலயும் செவப்பு வெச்சு மடிச்சாரு. வெளக்குல அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு.”

“இத்தனை வருசமா ஏனுங்கக்கா சொல்லலே?”

“அவரு இருக்கற வரைக்கும் பயம். போனதுக்கப்பறம் நீ கும்புடற கும்புட்டப் பாத்து வாய் வரலே. இந்தப் புள்ளைக்கும் அதே கதைன்னா நான் சும்மா இருக்க மாட்டேன், ஆமா.”

மகள் என் கையைப் பற்றினாள். தேற்றுவதாக எண்ணி, “பழத்துல சாமியே ஏமாந்துதானுங்கப்பா மலையேறுனாரு. ஆனா அதுக்குள்ள ஒலகத்தைப் பாத்துட்டாரு” என்றாள். அக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அப்பா ‘போகாதே’ என்று சொல்லியிருந்தால் பணிந்திருப்பேன்; அந்தக் காலத்து மகன் நான். கோபித்திருப்பேன், பின்பு மறந்துமிருப்பேன். தம் மறுப்பைத் தாமே சொல்லாமல் தெய்வத்தின் வாயில் வைத்தார். தகப்பன் மறுத்த பிள்ளையாக அல்ல, கடவுள் தள்ளிய பிள்ளையாக நாற்பது ஆண்டு வாழ்ந்தேன். அக்காவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. மகளுக்குப் பூக்கேட்கலாம் என்றபோது, சிவப்பு வரவேண்டுமென்று என் மனம் வேண்டிக்கொண்டிருந்தது.

“பூவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போய்ட்டு வா கண்ணு” என்றேன்.

புறப்பட்ட ஒன்பதாம் நாள் போனில் அழைத்தாள். ஆட்டோக்காரரிடம் பேசுவதற்கு முன்பும் எனக்குப் போன் செய்கிற பெண் அவள். “தப்பான ஸ்டேஷன்ல எறங்கிட்டமுங்கப்பா! ஒரு வண்டியுமில்லே. அந்த ஊர்க்காரங்க ட்ராக்டர்ல ஏத்திட்டு வந்து சோறு போட்டாங்க” என்று கூவினாள். அச்சம் என்பதே அந்தக் குரலில் இல்லை. மகிழ்ந்தேன். மகிழ்ந்த நெஞ்சின் அடியிலேயே எரிந்தது. இந்தக் குரலில் பேச எனக்கும் ஒரு வயது இருந்தது.

அவ்வார வெள்ளியன்று மண்டபத்தில், ஆற்றங்கரை ஊரொன்றின் பதிகத்தைத் தொடங்கி நிறுத்தினேன். “இந்த ஊரை நான் பார்த்ததில்லீங்க. எந்த ஊரையும் பார்த்ததில்லீங்க” என்றேன். “அதனாலென்னங்க சாமி, சொல்லுங்க” என்றார்கள். இயலவில்லை. இப்போது வேறொருவர் பொருள் சொல்கிறார். நான் பின்வரிசையில் அமர்ந்து கேட்கிறேன்.

மகள் பங்குனியில் திரும்பினாள். “நீங்களும் வாங்கப்பா, போலாம்” என்று அழைக்கிறாள். போகக்கூடும். ஆனால் அறுபத்து மூன்றில் காணும் ஊர் இருபத்தொன்றில் தரவேண்டியதைத் தராது. வளைந்து கொடுக்கும் வயது கடந்துவிட்டது. அவள் திரும்புவதற்கு முன்பே, மாசியில் அப்பாவுக்குத் திதி வந்தது. கை எள்ளும் நீரும் இறைத்தது; மன்னித்தேன் என்று வாய் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

முருகா, உன்னிடம் மட்டும் ஒரு பிழை பொறுக்கக் கேட்கிறேன். நீ சொல்லாத சொல்லுக்காக நாற்பது ஆண்டு உன்னை நொந்தேன்.

இதைப் படிக்கும் உங்கள் அனைவருக்கும் அவன் துணை நிற்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரிய வயதில் வழி திறக்கட்டும். மறுக்க நேர்ந்தால், அந்த மறுப்பை உங்கள் வாயாலேயே சொல்லும் துணிவை அவன் உங்களுக்கு அருளட்டும். நலமே சூழ்க.