முப்பத்தோராவது கல்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஹைட்ராலிக் பிரஸ் செய்யும் ஒரு பட்டறையில் சுப்பராயலு பிட்டர். மெஷின் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போய், அதைப் பூட்டி, ஓடவிட்டுக் காட்டிவிட்டு வருவது அவர் வேலை. மேற்குத் தாம்பரத்தில் வீடு. போன ஊரிலெல்லாம் கிடைத்ததை ருசித்துச் சாப்பிட்டு, படுத்ததும் தூங்கி, ஒரு கிலோ எடை கூடித் திரும்புகிற மனிதர்.

2005 பிப்ரவரியில் வடக்கே ஒரு ஜவுளி நகரத்துக்குப் போனார். துணிகளைப் பொதியாக அழுத்தும் மெஷின். வேலை முடிந்த அன்று, மனைவி சுபத்ரா கேட்டிருந்த கொசுவலையை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். கட்டிலின் அளவு மறந்துவிட்டது. போன் பூத் ஆள் நுழையவே இடம் இல்லாத பெட்டி. அதனால் தோள்பையை எதிரே டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஆறுக்கு ஐந்து என்று சுபத்ரா சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே குண்டு வெடித்தது.

கண்ணாடி குத்திய காயங்களோடு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இடது காது மந்தமாகிவிட்டது. அவ்வளவுதான். மற்றபடி முழுசாக வீடு வந்து சேர்ந்தார். அந்தத் தெருவில் முப்பத்தொரு பேர் செத்துப் போயிருந்தார்கள்.

அடுத்த வருடம் தாம்பரம் மார்க்கெட்டில் போர்வைக் கடை வைத்திருக்கும் மோகன்ராஜ் சரக்கு எடுக்க அதே ஊருக்குப் போனார். திரும்பி வந்தவர் ஒரு போட்டோவை நீட்டினார். இறந்தவர்கள் நினைவாக அந்தத் தெரு வியாபாரிகள் சங்கம் நடைபாதை ஓரம் இடுப்பளவு உயரத்தில் வரிசையாகக் கற்களை நட்டிருந்தது. கல்லுக்கு ஒரு பெயர், எவர்சில்வர் தகட்டில். கடைசிக் கல்லின் தகட்டில் இந்தியில் ஒரு வரி, அதன் கீழே ஆங்கிலத்தில்: சுப்பராயலு, தாம்பரம், தமிழ்நாடு. கல்லுக்கு மாலை வேறு போட்டிருந்தார்கள்.

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். சுப்பராயலுவும் சிரித்தார். "நான் இங்க குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீறேன், அங்க எனக்கு மாலை போட்டுக்கினு கீறாங்க பாரு," என்று எல்லோரிடமும் காட்டினார். சுபத்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் போட்டோ வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, குன்றத்தூர் முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

நாலு நாள் கழித்து, பக்கத்து லேத் பட்டறை அக்தரோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் சுப்பராயலுவுக்கு அது உறைத்தது. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்தரு, செத்தவங்க முப்பத்தோரு பேரு. கல்லும் முப்பத்தொண்ணு. அதுல ஒண்ணு என் பேருல கீது. அப்போ அந்த ஆளு யாரு?"

அவருடைய பை டீக்கடைக்காரரிடம் இருந்தது. பைக்குள் கம்பெனி அடையாள அட்டை இருந்தது. அடையாளம் தெரியாமல் கிடந்த ஓர் உடலின் பக்கத்தில் அந்தப் பையைப் பார்த்தவர்கள் அட்டையில் இருந்த பெயரை எழுதியிருக்கிறார்கள். ஆள் உயிரோடு இருப்பதாகக் கம்பெனியிலிருந்து சொல்லியும், பட்டியலில் பெயரை அடிக்க ஒருவரும் மெனக்கெடவில்லை.

அக்தர் வீட்டில் உருது பேசுகிறவர். இந்தி சரளமாக வரும். அவர்தான் வியாபாரிகள் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டார். திறப்பு விழாவே முடிந்துவிட்டது, இனி எதற்கு அதைக் கிளற வேண்டும் என்று செயலாளர் முதலில் தட்டிக்கழித்தார். டீக்கடைக்காரரைப் பற்றிக் கேட்டதும் சொன்னார்: அவர் பெயர் லல்லன், வெளியூர்க்காரர். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லாததால், வெடித்த அன்றைக்குப் பயந்து எங்கேயோ ஓடிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அவர் மனைவி இன்னும் மாதா மாதம் வந்து விசாரித்துவிட்டுப் போகிறாள்.

அன்று சாயங்காலம் சுப்பராயலு இதை வீட்டில் சொன்னார். சுபத்ரா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள். குண்டு வெடித்த அன்று போன் அறுந்தபின் இரண்டு மணி நேரம் அவள் தவித்த தவிப்பு அவளுக்குத்தான் தெரியும்.

"அந்தப் பொம்பளைக்கு ஒரு வருசத்துக்கு மேல அப்படியே இருக்குதே," என்றாள். "நீங்களே நேர்ல போய் மாத்திட்டு வந்துடுங்க."

தாம் உயிரோடு இருப்பதாகச் சுப்பராயலு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். சங்கத்தார் போலீசிடமும் பேசி, நான்கு மாதம் கழித்துச் சம்மதம் சொன்னார்கள். புதுத் தகட்டைத் தாமே செய்து தருவதாக அவர் கேட்டுக்கொண்டார். லல்லனின் பெயர் இந்தி எழுத்தில் பேக்ஸில் வந்தது. அதைப் பார்த்து எழுத்து வெட்டுபவர் வெட்டிக் கொடுக்க, ஓரங்களைச் சுப்பராயலு அரத்தால் ராவி, கை வைத்தால் கிழிக்காதபடி மழுக்கினார்.

அவரும் அக்தரும் ரயிலேறினார்கள். தம் பெயர் இருந்த கல்லின் முன்னால் நின்றபோது சுப்பராயலுவுக்குப் பயமாக இல்லை. ரயிலில் அடுத்தவர் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது சீட்டுக்காரர் வந்துவிட்டால் வருமே, அந்தக் கூச்சம்தான் வந்தது. நாலு திருகாணிகளைக் கழற்றிப் பழைய தகட்டை எடுத்தார். புதியதைப் பொருத்தி, துணியால் ஒரு முறை துடைத்தார்.

லல்லனின் மனைவி தன் மைத்துனனோடு வந்திருந்தாள். அண்ணன் ஓடிப்போய்விட்டான் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தவன் அந்த மைத்துனன்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. செயலாளர் பெயரைச் சத்தமாக வாசித்தார். அவள் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டி, கொஞ்ச நேரம் அழுதாள். மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டு அவள் செருப்பை எடுத்து நிழலில் வைத்தான்.

பிறகு அவள் சுப்பராயலுவிடம் ஒன்று கேட்டாள். கடைசியாக அவர் என்ன சொன்னார்? அக்தர் மொழிபெயர்த்தார்.

"பையை வாங்கி மடிமேல வச்சிக்கினாரு. நீ பேசிட்டு வா, டீ ஆறாம பாத்துக்கறேன்னு கையைக் காட்டினாரு," என்றார் சுப்பராயலு. சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, அதையும் சொன்னார். "அதுக்கு முன்னாடியே ஒரு டீ குடிச்சிட்டு, ரெண்டாவது சொல்லியிருந்தேன். இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு."

அக்தர் அதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. வீட்டிலும் அப்படித்தான், எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார் என்று மைத்துனனைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

ஊர் திரும்பியதும் சுப்பராயலு பழைய தகட்டை நேரே பட்டறைக்குக் கொண்டுபோய், இரண்டாக வெட்டி, கழிவு இரும்புக் கூடையில் போட்டார். அந்த வாரக் கடைசியில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. வீட்டில் சுபத்ரா மீன் குழம்பு வைத்திருந்தாள். அந்த அம்மா எப்படி இருந்தாள், என்ன நிறப் புடவை, சாப்பிட்டுவிட்டுத்தான் போனாளா என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். சுப்பராயலு மூன்றாவது முறை சோறு போட்டுக்கொண்டு, நல்ல காதை அவள் பக்கம் திருப்பி, நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.